முதல் மூன்று மாதம் என்ன சொல்லித்தருவது? வேலூர்ப் பக்கம் ஓவிய வகுப்பு எடுக்க வருபவர்களுக்கு

நன்றாக வரையத் தெரிந்தவர்கள்கூட முதல் தடவை வகுப்பு எடுக்கும்போது ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். கரும்பலகையில் ஒரு மயிலையோ தாமரையையோ போட்டுக்காட்டி, "இதே மாதிரி வரைங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளும் வரைந்துவிடுகிறார்கள், பெற்றோருக்கும் மகிழ்ச்சி. ஆறு மாதம் கழித்து அதே பிள்ளையின் முன்னால் ஒரு சொம்பை வைத்து வரையச் சொன்னால் கை ஓடாது. மாஸ்டர் போட்ட கோட்டைப் பார்த்துக் கோடு போடப் பழகிய கண்ணுக்கு, பொருளிலிருந்து கோட்டைப் பிரித்தெடுக்கத் தெரியாது. எனவே முதல் மூன்று மாதம் மாணவர் முன்னால் படம் இருக்கக் கூடாது, பொருள் இருக்க வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த ஒன்றை நடத்திக்காட்டுவதற்கான ஏற்பாடுதான்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள், ஒரு வகுப்பில் 12 முதல் 15 பேர், வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் என்ற கணக்கில் எழுதப்பட்டது இது. அதைவிடச் சின்னப் பிள்ளைகளை அளவு, நிழல் என்று கட்டிப்போட வேண்டாம். பெரிய தாளும் தடித்த பிரஷும் போஸ்டர் கலரும் கொடுத்து அவர்கள் போக்கில் விடுங்கள்.

அறையும் வெளிச்சமும்

ஷீட் போட்ட மாடி அறை வாடகை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. வியர்வை பட்ட தாளில் பென்சில் சரியாகப் பிடிக்காது, நீர்வண்ணம் பரவுவதற்கு முன்பே காய்ந்துவிடும். தளம் போட்ட அறை, ஒரு பெரிய ஜன்னல், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருந்தால் போதும்.

வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்று ஓவியப் பாடநூல்கள் சொல்லும். வெயில் நேராக விழாது, நிழல் நகராது என்பது காரணம். அது குளிர்நாடுகளில் உருவான விதி. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும், அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகத் திரை கட்டினால் வெளிச்சம் பரவி மென்மையாகிவிடும்.

பெரிய தொல்லை டியூப்லைட். கூரையில் மூன்று டியூப்லைட் எரிந்தால் பானைக்கு மூன்று நிழல் விழும், ஒன்றும் தெளிவாக இருக்காது. ஒளி-நிழல் பாடம் நடக்கும்போது பொருளுக்கு நேர்மேலே உள்ள விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு 9 வாட் எல்இடி பல்பைப் பொருளின் இடப்பக்கமோ வலப்பக்கமோ நான்கு அடி தள்ளி, பொருளைவிட உயரமாக, 45 டிகிரி சாய்வில் வையுங்கள். ஒரே விளக்கு, ஒரே நிழல்.

தரையில் உட்கார்ந்து வரைவது நம் பிள்ளைகளுக்குப் பழக்கம், ஈசல் என்னும் படத்தாங்கி கட்டாயமில்லை. ஆனால் பலகையைத் தரையில் படுக்கவைத்து வரைய விடக் கூடாது. தாளின் மேல்பகுதி கண்ணிலிருந்து தூரமாகப் போவதால் அது குறுகித் தெரியும். மாணவர் அதை ஈடுகட்ட, தன்னை அறியாமல் மேலே நீட்டி வரைவார். நிமிர்த்திப் பார்த்தால் பானையின் கழுத்தும் மனிதரின் தலையும் இழுத்துவிட்டது மாதிரி இருக்கும். பலகையின் கீழ்விளிம்பு மடியில், மேல்விளிம்பு ஒரு ஸ்டூலில் சாய்ந்திருக்கட்டும். பார்வை தாளுக்கு நேராக விழ வேண்டும், அவ்வளவுதான்.

பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். 8×4 அடி ஷீட் ஒன்றில் 18×24 அங்குலப் பலகை பத்து வரும். கடையிலேயே அறுத்து வாங்கி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், சிலாம்பு கையில் ஏறாது. தாளைப் பிடிக்கப் பலகைக்கு இரண்டு கிளிப்.

மாணவர் வாங்க வேண்டியவை

நீளமான பட்டியல் கொடுத்துப் பெற்றோரைப் பயமுறுத்த வேண்டாம். முதல் இரண்டு மாதத்துக்கு எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள் ஒவ்வொன்று, ஒரு பேனாக்கத்தி, ஏ3 அளவில் 120 முதல் 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) கார்ட்ரிட்ஜ் தாள், வேகமாகப் போடும் பயிற்சிக்கு நியூஸ்பிரின்ட் தாள் ஒரு கட்டு. ஏ4 வேண்டாம். சின்னத் தாளில் விரல் மட்டும்தான் அசையும், தோள் அசையாது.

ஷார்ப்பனரில் சீவினால் முனை குட்டையாக இருக்கும், ஓர் ஓரம் மட்டும்தான் தாளில் படும். கத்தியால் மரத்தை இரண்டு செ.மீ. சரித்துச் சீவி, கரியை ஒரு செ.மீ. வெளியே நிறுத்தி, உப்புத்தாளில் உருட்டிக் கூராக்கக் கற்றுக்கொடுங்கள். அந்தப் பக்கவாட்டுக் கரிதான் பின்னால் நிழல் போட உதவும். சின்னவர்களுக்கு நீங்களே சீவிக் கொடுங்கள்.

ரப்பரை முதல் நான்கு வகுப்புக்குக் கொடுக்காதீர்கள். பெற்றோர் கேட்பார்கள், பிள்ளைகள் கெஞ்சுவார்கள், இருந்தாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ரப்பர் கையில் இருந்தால் மாணவர் தவறான கோட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் அதே தவறை மீண்டும் போடுவார். தவறான கோடு கண்முன் இருந்தால்தான் அதற்கு இப்புறமா அப்புறமா என்று ஒப்பிட்டு அடுத்த கோட்டைப் போட முடியும். லேசாகப் போடுவதும் அப்போதுதான் தானாகப் படியும்.

முதல் மாதம்: கோடும் அளவும்

ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடமும் நியூஸ்பிரின்டில் கைப்பயிற்சி. இரண்டு புள்ளிகளை ஒரு சாண் இடைவெளியில் வைத்து, முதலில் தாளைத் தொடாமல் காற்றில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, பிறகு ஒரே இழுப்பில் இணைக்க வேண்டும். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு தோளிலிருந்து இழுக்கச் சொல்லுங்கள். நேர்கோடு வந்தபின் வட்டம், பிறகு நீள்வட்டம். மயிர் மயிராகக் கோடு போடுகிறவர் பயத்தால் போடுகிறார். திட்டினால் பயம் கூடும், தாளைப் பெரிதாக்கினால் குறையும்.

முதல் பொருள் பித்தளைச் சொம்பு. எல்லார் வீட்டிலும் இருக்கும், வாய், கழுத்து, வயிறு, அடி என்று நான்கு நீள்வட்டங்கள் ஒரே பொருளில் கிடைக்கும். இங்கே வரும் தவறு ஊருக்கு ஊர் மாறாது: வாயை அகலமான வட்டமாகப் போட்டு, அடியை ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போடுவார்கள். வாய் வட்டம் என்று அறிவு சொல்கிறது, அடி சமதளத்தில் நிற்கிறது என்றும் அறிவு சொல்கிறது. கண் சொல்வது வேறு. வட்டம் கண்மட்டத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு சப்பையாகத் தெரியும். கண்ணுக்குக் கீழே இறங்க இறங்க அகன்று திறக்கும். ஆக, கீழே இருக்கும் அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

இதை வாயால் விளக்கினால் நிற்காது. ஒரு வளையலைக் கண்மட்டத்தில் படுக்கையாகப் பிடித்துக்காட்டுங்கள், கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள், திறந்துகொண்டே வரும். இரண்டு நிமிட வேலை. அதன்பின் சொம்பின் மறைந்திருக்கும் பின்பக்கத்தையும் சேர்த்து, நீள்வட்டத்தை முழுதாகச் சுற்றி வரையச் சொல்லுங்கள், கண்ணாடியால் செய்த சொம்பு என்று நினைத்துக்கொண்டு. இரண்டு ஓரங்களும் மீன்வால் போலக் கூராக முடிந்தால் திருத்துங்கள். நீள்வட்டத்துக்கு முனையே கிடையாது.

மூன்றாவது வகுப்பில் அளவெடுத்தல். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைச் சொம்பின் ஓர் ஓரத்தில் வைத்து, மறு ஓரத்தில் கட்டைவிரலை நிறுத்த வேண்டும். அது அகலம். அதே அளவை நிமிர்த்தினால் உயரத்துக்குள் எத்தனை முறை போகிறது என்று பார்க்க வேண்டும். தாளில் போடுவது அந்த விகிதத்தை மட்டுமே. பென்சிலில் எடுத்த அளவை அப்படியே தாளில் வைக்கப் பாதிப் பேர் முயல்வார்கள், முதல் நாளே சொல்லிவிடுங்கள். முழங்கை ஒரு தடவை மடங்கி ஒரு தடவை நீண்டால் விகிதம் பொய்யாகிவிடும். அளவு ஒத்துவரவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் அவர் முழங்கையைப் பாருங்கள்.

சாய்வைப் பார்க்கத் தூக்குநூல். கொத்தனாரின் தூக்குக்குண்டு வேண்டாம், நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டினால் போதும். சொம்பின் நடுவே நூலைப் பிடித்தால் இடப்பாதியும் வலப்பாதியும் சமமா என்பது மாணவருக்கே தெரிந்துவிடும்.

மாதக் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் போட்டு, நாற்காலியை வரையாதீர்கள், அதன் கம்பிகளுக்கும் கால்களுக்கும் நடுவில் தெரியும் சந்துகளை மட்டும் வரையுங்கள் என்று சொல்லுங்கள். நாற்காலி எப்படி இருக்கும் என்ற முன்னறிவு இந்தச் சந்துகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதனால் மாணவர் வேறு வழியில்லாமல் உற்றுப் பார்ப்பார். ஒழுங்காகச் செய்தால் நாற்காலி தானே வந்து நிற்கும். இந்த ஒரு பயிற்சி பலரின் கண்ணைத் திறந்துவிடுகிறது, கட்டாயம் விடாதீர்கள்.

நல்ல கோடு எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமானால், வட ஆர்க்காட்டோடு சேர்ந்திருந்த திருவண்ணாமலையில் பிறந்த ஓவியர் ஏ.பி. சந்தானராஜின் கோட்டோவியங்களை அச்சில் தேடிக் காட்டுங்கள். பார்க்கத்தான், நகலெடுக்க அல்ல.

இரண்டாம் மாதம்: ஒளியும் நிழலும்

முதலில் ஐந்து கட்டம் போட்டு, வெள்ளைத் தாள் முதல் 6பி கொடுக்கும் அடர்கருப்பு வரை படிப்படியாக நிரப்பச் சொல்லுங்கள். கடைசிக் கட்டத்தைப் பெரும்பாலோர் சாம்பல் நிறத்தோடு நிறுத்திவிடுவார்கள். கருப்புக்குப் பயப்படும் பழக்கம் இங்கேயே உடைய வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் படமும் மூடுபனியில் கிடக்கும்.

அடுத்து வெள்ளைத் துணியின்மேல் வெள்ளைக் கோழிமுட்டை. நிறம் என்ற குழப்பம் இல்லாததால் வெளிச்சம் மட்டும் கண்ணில் படும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், சின்ன விவரங்கள் மறைந்து ஒளிப்பகுதி, நிழல்பகுதி என்று இரண்டாகப் பிரியும். அந்த எல்லைக்கோட்டை முதலில் லேசாகக் குறித்து, நிழல்பகுதி முழுவதையும் ஒரே சாம்பலால் நிரப்பிவிட்டுத்தான் உள்வேலைக்குப் போக வேண்டும். துணியிலிருந்து எதிரொளித்து முட்டையின் அடியில் ஒரு வெளிச்சம் தெரியும். அதை அழகாக இருக்கிறதே என்று மிகப் பளிச்சென்று விடுவார்கள், முட்டை தகரமாகிவிடும். நிழலுக்குள் இருக்கும் எந்த வெளிச்சமும் ஒளிப்பகுதியின் மிக மங்கலான இடத்தைவிட இருட்டாகத்தான் இருக்கும். இதைப் பலகையில் எழுதியே வையுங்கள்.

விரலால் தேய்த்து நிழல் போடுவதைத் தடுக்க வேண்டும். விரலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் தாளில் ஏறி, பின்னர் அழியாத திட்டாகிவிடும். கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு, பென்சிலின் பக்கவாட்டால் ஒரே திசையில் பல அடுக்காக ஏற்றுவதே நல்லது.

முட்டை முடிந்ததும் இந்தப் பக்கத்துப் பொருட்களுக்கு வாருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது அரிது. உருண்ட உடல், கூர்மையான சின்ன ஒளிப்புள்ளி வாங்கும் பளபளத் தோல், அதன்மேல் ஒளியை உறிஞ்சும் மட்டான காம்பு, முள். பக்கத்தில் சுட்ட மண்பானை ஒன்றையும், கரிகிரியில் செய்யும் பளபளப்புப் பூச்சுள்ள பானை ஒன்றையும் வையுங்கள். மண்பானையில் ஒளி மெல்ல மெல்ல மங்கும், பூச்சுப் பானையில் ஜன்னலே சதுரமாகத் தெரியும். ஒரே உருவம், ஒரே விளக்கு, இரண்டு மேற்பரப்பு. பளபளப்பு என்பது ஒளிப்புள்ளியின் விளிம்பு கூராக இருப்பது என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். பழைய ஆம்பூர்த் தோல் செருப்பு இன்னொரு நல்ல பொருள், மடிப்பும் தேய்மானமும் உள்ளது. புதுச் செருப்பு வேண்டாம்.

இந்த மாதம் முழுக்க வாரத்தில் ஒரு வகுப்பின் பாதியில் ஆள் பார்த்து வரைதல். மாணவர்களே முறைவைத்து நிற்கட்டும். 30 விநாடிப் படம் ஐந்து, ஒரு நிமிடப் படம் ஐந்து, ஐந்து நிமிடப் படம் ஒன்று. முதலில் முகம் வரையத் தொடங்குகிறவர் 30 விநாடியில் முகத்தோடு நின்றுவிடுவார். தலை முதல் ஊன்றிய கால்வரை ஓடும் ஒரே கோடுதான் முதலில். வளர்ந்தவர் உடல் ஏழு, ஏழரை தலை உயரம். கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும். நெற்றியை மறந்து கண்ணை மேலே ஏற்றிவிடுவது எல்லோரும் செய்வது.

மூன்றாம் மாதம்: நீர்வண்ணம்

வண்ணங்கள் ஏழு போதும்: லெமன் எல்லோ, யெல்லோ ஆக்கர், வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரின், பிரஷ்யன் புளூ, பர்ன்ட் சியன்னா. கருப்பையும் வெள்ளையையும் பெட்டியிலிருந்து எடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடர்நிறம் வேண்டுமானால் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலக்கட்டும், செத்த கருப்பாக இருக்காது. பச்சையையும் கலந்துதான் எடுக்க வேண்டும். பிரஷ்யன் புளூவில் லெமன் எல்லோ சேர்த்தால் நாற்றுப் பச்சை. அல்ட்ராமரினில் யெல்லோ ஆக்கர் சேர்த்தால் மங்கிய பச்சை, வேலூர் மலைகளின் முட்புதருக்கு அதுதான் பொருந்தும்.

வட்டமுனைப் பிரஷ் 2, 6, 10 என்று மூன்று, ஓர் அங்குலத் தட்டைப் பிரஷ் ஒன்று. தாள் 300 ஜிஎஸ்எம் நல்லது, மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலையாக எழும்பி, பள்ளங்களில் வண்ணம் தேங்கும். ஆளுக்கு இரண்டு தண்ணீர்க் குவளை, ஒன்று கழுவ, ஒன்று கலக்க. வண்ணம் சேறாவதற்குப் பாதிக் காரணம் ஒரே குவளைதான், மீதிக் காரணம் மூன்றுக்கு மேல் நிறங்களைக் கலப்பது. உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர் வேண்டாம், அடர்நிறங்களின்மேல் வெளிறிய படலம் படியக்கூடும். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. சில வண்ணங்களில் நச்சு உலோகங்கள் உண்டு, முதல் நாளே கண்டித்து நிறுத்துங்கள்.

முதல் பாடம் சமமான ஒரு பூச்சு. பலகையை 15 டிகிரி சாய்த்து, தேவை என்று நினைப்பதைப் போல் இரண்டு மடங்கு வண்ணத்தைக் கலந்து, மேலிருந்து கிடையாக இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பின் அடியிலும் நீர்த்திரள் ஒன்று நிற்கும், அடுத்த இழுப்பு அதைத் தொட்டு இறக்கிக்கொண்டு வர வேண்டும். நடுவில் வண்ணம் தீர்ந்து மீண்டும் கலக்கப் போனால் அதற்குள் விளிம்பு காய்ந்து கோடு விழும். கோடைக்காலத்தில் இந்தப் பாடம் தோற்பதற்கு மாணவர் காரணமில்லை, காற்றுதான். காலை பத்து மணிக்குள் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தாளின் இருபுறமும் நனைத்து, அடியில் ஈரத்துணி விரியுங்கள். மறுமுனையில் இன்னொரு தொல்லை: பாதி காய்ந்த பூச்சில் ஈரப் பிரஷை வைத்தால் தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூப்பூவாகத் திட்டு விழும். தாள் மினுமினுக்கும்போது தொடலாம், மினுமினுப்புப் போனபின் முழுதும் காயும்வரை கையை எடுத்துவிட வேண்டும்.

எண்ணெய் வண்ணம் இந்த மூன்று மாதத்தில் வேண்டாம். பின்னால் தொடங்கும்போது, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் உண்டாகும், குவியலுக்குள் அது தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, அன்றன்றே வெளியேற்றுங்கள்.

கோட்டைக்குப் போகும் நாள்

மூன்றாம் மாத நடுவில் வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து ஒன்பதுக்குள் எழுந்துவிட வேண்டும். முதல் முறை அகழிக் கரையிலிருந்து மதிலை மட்டும். கண்மட்டக் கோட்டை முதலில் போடச் சொல்லுங்கள். அதற்கு மேலே உள்ள கல்வரிசைகள் தூரம் போகப் போகக் கீழே சாயும், கீழே உள்ளவை மேலே ஏறும். எல்லா வரிசைக் கற்களையும் வரைய ஆரம்பிக்கிறவரை நிறுத்தி, நான்கு வரிசையோடு விடச் சொல்லுங்கள். தண்ணீரில் தெரியும் பிம்பம் பொருளுக்கு நேர் கீழே விழும், வெளிர்ந்தது சற்று மங்கியும் இருண்டது சற்று வெளிர்ந்தும் தெரியும்.

சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. முதல் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லைகளைக் குறித்துவிட்டால் பிறகு நிழல் எங்கே போனாலும் குறித்ததையே நம்ப வேண்டும். துரத்திக்கொண்டு போனால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களை முதல் பயணத்தில் கொடுக்காதீர்கள். சிற்பச் செறிவில் பிள்ளைகள் மூழ்கி, தாங்கள் வரைந்த தூண் சாய்ந்திருப்பதைக் கவனிக்க மாட்டார்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு அது இருக்கட்டும்.

திருத்துவது

மாணவரின் தாளில் நீங்கள் கோடு போடக் கூடாது. போட்டால் படம் அழகாகும், ஆனால் அது உங்கள் படம். காட்டியே ஆக வேண்டும் என்றால் தாளின் ஓரத்தில் சின்னதாகவோ, மேலே டிரேசிங் தாள் வைத்தோ காட்டுங்கள். வகுப்பு முடிய பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாப் படங்களையும் சுவரில் மாட்டி, எட்டு அடி தள்ளி நிற்கவையுங்கள். மடியில் இருந்தபோது தெரியாத சாய்வு அங்கிருந்து தெரியும். வரைந்தவரே முதலில் பேசட்டும். பிறகு நீங்கள் ஒரே ஒரு குறையை, திருத்தும் வழியோடு சொல்லுங்கள். "நல்லா இல்ல" என்பது பாடமில்லை. "தூக்குநூல் வச்சு வலப்பக்கத்தைப் பாரு" என்பது பாடம்.

கட்டம் போட்டு நகலெடுப்பதைப் பற்றிக் கேட்பார்கள். சுவர் விளம்பரமும் பேனரும் எழுதிய நம் ஊர் ஓவியர்கள் கையாண்ட சிறந்த பெரிதாக்கும் முறை அது, மதிப்போடு கற்றுக்கொடுங்கள், நாலாம் மாதத்துக்குப் பிறகு. அதற்கு முன்பு கொடுத்தால் அளவெடுக்கும் கண் வளராது. செல்போன் புகைப்படமும் அப்படியே. புகைப்படம் முப்பரிமாணத்தை ஏற்கெனவே தட்டையாக்கிவிட்டது, மாணவர் கற்க வேண்டிய வேலையே அதுதான்.

பெற்றோர் பெரும்பாலும் கேட்பது அரசுத் தொழில்நுட்பத் தேர்வான லோயர், ஹையர் கிரேடைப் பற்றி. அதில் உள்ள மாதிரி வரைதலுக்கு, அதாவது பொருளை முன்னால் வைத்து வரைவதற்கு, மேலே சொன்ன சொம்பும் அளவெடுத்தலும் நேரடியான பயிற்சி. தேர்வுக்கு என்று தனியாகச் சேர்க்க வேண்டியது, கடிகாரம் வைத்து வரைந்து முடிப்பதும் தாளில் படத்தைச் சரியான அளவில் அமைப்பதும். பிளஸ் டூ முடித்து ஓவியமே படிக்க விரும்புகிறவர்களுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. சேர்க்கையில் செய்முறைத் தேர்வு உண்டு. அதனால் முதல் வகுப்பிலிருந்து எல்லாத் தாள்களிலும் தேதி எழுதவைத்து, தேறாத படங்களையும் சேர்த்தே ஒரு அட்டைக் கோப்பில் படுக்கையாக வைக்கச் சொல்லுங்கள். சுருட்டி வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறி மடிப்புகளில் பூஞ்சை பிடிக்கும்.